ஐப்பசி அடைமழையில் நாயை எந்த நேரத்தில், எந்த வழியில் நடக்கக் கூட்டிப்போகிறீர்கள்?

பெருமாள்புரம் செல்வி | திங்கள், இரவு 9.42

எங்கள் வீட்டில் நான்கு வயது லாப்ரடார் ஒருவன் இருக்கிறான். அம்மா லாப்ரடார், அப்பா யார் என்பது தெருவுக்கே தெரியாது. உடன்குடிக் கருப்பட்டியின் நிறம் என்பதால் பெயரும் கருப்பட்டி. காலை ஐந்தரைக்கு ஒரு நடை, மாலை ஆறரைக்கு ஒரு நடை. பாளையங்கால்வாய்க் கரையை ஒட்டிப் போய், காலி மனைகள் வழியாகத் திரும்புவோம். புரட்டாசி வரை எந்தச் சிக்கலும் இல்லை.

மழை பிடித்த பிறகு எல்லாம் குழம்பிவிட்டது. வீட்டுக்குள்ளோ மாடியிலோ ஒரு சொட்டுச் சிறுநீர் விட மாட்டான். சென்ற வாரம் ஒருநாள் விடிய விடியப் பெய்ததில் 14 மணி நேரம் அடக்கிக்கொண்டு, வாசல்படியில் நின்று என்னையே பார்த்தான். கூட்டிப்போனால் கால்வாயைக் கண்டதும் குதிக்கத் துடிக்கிறான். திரும்பி வந்தால் வீடெல்லாம் சேறு. இது போதாதென்று மூன்று நாளாக வலது முன்னங்காலை நக்கிக்கொண்டே இருக்கிறான். ஈரத்தில் வந்த புண் என்று நினைத்து மஞ்சள் பூசினேன். அதையும் நக்கிவிட்டு மஞ்சள் நாக்கோடு திரிகிறான்.

மழைக்காலம் முடியும்வரை மொட்டைமாடியில் ஓடட்டும் என்கிறார் வீட்டுக்காரர். தை பிறக்கும்வரை ஒரு நாயை மாடியில் அடைத்து வைக்க முடியுமா? நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, அந்தக் கவலை தனி.

டவுன் கணேசன் | திங்கள், இரவு 10.05

நான் வளர்ப்பது நாட்டு நாய். மழை பெய்தால் திண்ணையில் படுக்கும், விட்டால் எழுந்து போகும். என் தாத்தா காலத்தில் நாய்க்கு யாரும் கால் துடைத்துவிடவில்லை. கதவைத் திறந்துவிடுங்கள், அதுவே போய்விட்டு வரும். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். இப்போது அது நாய் வளர்ப்பவர்களுக்குத்தான் பொருந்துகிறது.

கரிசல்காட்டான் | திங்கள், இரவு 10.31

அண்ணாச்சி, உங்கள் தாத்தா காலத்தில் எத்தனை நாய்கள் எத்தனை வயது வரை இருந்தன என்ற கணக்கையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். வீட்டில் இரண்டு சிப்பிப்பாறை. வேட்டை நாய்தானே, மழை என்ன செய்யும் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தவன்தான். அதன் உடம்பைத் தொட்டுப் பாருங்கள்: தோலுக்கு அடியில் நேராக எலும்பு, கொழுப்பே கிடையாது. முடியோ வெல்வெட் துணி மாதிரி அரை விரல் நீளம்கூட இல்லை. வெயிலுக்கு ஏற்ற உடம்பு. வாடைக்காற்றோடு மழை அடித்தால் கால் மணி நேரத்தில் தொடை நடுங்க ஆரம்பித்துவிடும். லாப்ரடாருக்கு உள்முடி இருப்பதால் குளிர் அவ்வளவு உறைக்காது, ஆனால் அந்த உள்முடி காய்வதற்கு அரை நாள் ஆகும். ஒன்றுக்குக் குளிர் சங்கடம், மற்றதற்கு ஈரம் சங்கடம். நாட்டு நாய், சீமை நாய் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் வேலை முடிந்துவிடாது.

இன்னொன்று, எங்கள் ஊர்க் கரிசல் மண். நனைந்தால் களி. நாயின் விரலிடுக்கில் போய் ஒட்டிக்கொண்டு, காய்ந்ததும் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கல்லாகிவிடும். நடக்க நடக்க அது உள்ளே தோலை அறுக்கும். பிய்த்து எடுக்காதீர்கள், முடியோடு வரும். ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து ஒவ்வொரு காலாக இரண்டு நிமிடம் நிறுத்தினால் தானே கரையும். பிறகு பழைய வேட்டித் துணியால் விரலுக்கு விரல் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். துண்டைவிட வேட்டிதான் நன்றாக உறிஞ்சுகிறது, இது என் வீட்டுக் கண்டுபிடிப்பு.

டவுன் கணேசன் | திங்கள், இரவு 10.40

வேட்டியை நாய்க்குக் கொடுத்துவிட்டு நீங்கள் என்ன கட்டுகிறீர்கள்?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் | செவ்வாய், காலை 6.15

ஊரில் என்னை இப்படித்தான் அழைத்தார்கள், அதனால் பெயரை மாற்றவில்லை. நாய்களையும் பார்த்தவன்தான்.

செல்வி அவர்களே, முதலில் மஞ்சளை நிறுத்துங்கள். நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது: வலது முன்னங்காலை மட்டும் நக்குகிறான் என்கிறீர்கள். ஈரம் நான்கு கால்களையும்தான் நனைக்கிறது. ஒரே காலை, அதிலும் ஒரே இடத்தை விடாமல் நக்கினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். டார்ச் வெளிச்சத்தில் விரலிடுக்குகளை விரித்துப் பாருங்கள். சிவந்த கொப்புளமும் அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளையும் இருந்தால் நீங்களாகப் பிதுக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலி மனை என்றீர்கள். இந்தப் பருவத்தில் அங்கே மூன்று வில்லன்கள். நெருஞ்சி முள், அது கண்ணுக்குத் தெரியும், நாயும் உடனே நொண்டும். நாயுருவி, பெயரிலேயே நாய் இருக்கிறது, முடியில் ஒட்டும், சீவினால் போய்விடும். மூன்றாவது ஊசிப்புல். அதன் விதை அம்பு மாதிரி. முனையில் பின்னோக்கி வளைந்த முடிகள் இருப்பதால் தோலுக்குள் நுழைந்துவிட்டால் முன்னால்தான் போகும், பின்னால் வராது. விரலிடுக்கில் நுழைந்தது சில வாரத்தில் மணிக்கட்டு வரை ஏறியதைப் பார்த்திருக்கிறேன். காதுக்குள் போனால் நாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருக்கும்.

செல்வி கேட்ட நேரத்துக்கும் வருகிறேன். மழை பெய்யும்போது நடப்பதில் ஆபத்து குறைவு, அசௌகரியம்தான் அதிகம். மழை விட்ட பிறகு தரையில் என்ன வந்து கிடக்கிறது என்பதுதான் கேள்வி. பொந்தில் தண்ணீர் புகுந்ததும் பாம்பு, தேள், செய்யான் என்கிற பெரிய பூரான் எல்லாம் மேட்டுக்கு ஏறும். அந்த மேட்டில்தான் நாமும் நடக்கிறோம். நம் கண் தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில் இருக்கிறது, நாயின் மூக்கு தரையிலேயே இருக்கிறது.

அம்பை பத்மா | செவ்வாய், காலை 11.20

டாக்டர் ஐயா சொன்ன தரை விஷயத்தில் எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன்.

எங்கள் பக்கம் கார் நெல் அறுப்பு முடிந்து, அடுத்த போகமான பிசானத்துக்கு நாற்றுப் பாவுகிற நேரம் இது. நாற்றங்காலை எலி அழித்துவிடும் என்று வரப்பில் மருந்து வைப்பார்கள். வைப்பவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அவர்கள் பாடு அவர்களுக்கு. மூன்று வருடத்துக்கு முன் மணியை வயல் பக்கம் கூட்டிப்போனேன். சங்கிலியை அவிழ்த்துவிட்டேன், அதுதான் நான் செய்த தப்பு. வரப்பில் எதையோ மூன்று வாய் தின்றது. அருகில் போய்ப் பார்த்தால் பொரி, அதில் சாம்பலும் கறுப்புமாக ஒரு பொடி. பக்கத்தில் இருந்தவர் உப்புத் தண்ணீர் கொடுத்தால் வாந்தி எடுத்துவிடும் என்றார். ஒரு சொம்பு கரைத்து வாயைப் பிளந்து ஊற்றினோம். பிறகு பாலும் ஊற்றினோம். ஆட்டோ பிடித்து ஊருக்குள் வந்து மருத்துவரின் மேசையில் கிடத்தியபோது அதன் வாயிலிருந்து பூண்டு வாடை அடித்தது. பூண்டு தின்றதா என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மணி போய்விட்டது. இப்போது இருக்கும் பெண் நாய்க்கு வரப்பு என்றால் என்னவென்றே தெரியாது.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் | செவ்வாய், பிற்பகல் 2.10

அம்மா, நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. அந்த வாடை ஜிங்க் பாஸ்பைடு. வயிற்று அமிலம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். வாயு சுற்றி நிற்பவர்களையும் பாதிக்கும், அதனால்தான் அவர் சன்னலைத் திறந்தார். உணவு, பால் எது கொடுத்தாலும் அமிலம் கூடுதலாகச் சுரக்கும். உப்புத் தண்ணீரோ தனியே ஒரு விஷம்: இரத்தத்தில் சோடியம் ஏறினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். இதை அன்று உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வகை எலி மருந்து நீலம், பச்சை நிறக் கட்டியாக வரும். புரோமாடியோலோன் போன்றவை. தின்ற நாய் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியாடும், அதற்குப் பிறகுதான் ஈறிலும் மூக்கிலும் இரத்தம். இதற்கு வைட்டமின் கே1 என்ற முறிவு மருந்து இருக்கிறது. நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருந்து அந்த இரண்டு நாளைக் கோட்டைவிடுபவர்கள் அதிகம். தின்றது எது என்று தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. ஆகவே மிச்சம் கிடப்பதையோ உறையையோ ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். நம் ஊரில் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எந்த நேரத்தில் யார் இருப்பார்கள் என்பதை நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

சிந்துபூந்துறை சங்கர் | செவ்வாய், இரவு 8.50

பத்மா அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

என் பங்குக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்து போனது. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், வீட்டுக்குள் கிடந்து வெறுத்துப்போன ராஜாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தெருவெல்லாம் வழுவழுப்பான வண்டல். அதற்கு அடியில் கண்ணாடி ஓடு, ஆணி, சாக்கடை, எல்லாம் இருந்தன. ராஜா வழியில் இரண்டு இடத்தில் நக்கிக் குடித்தான், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்துச் சாப்பாட்டை ஒதுக்கினான். கண் வெள்ளை மஞ்சளாகிவிட்டது, சிறுநீர் கட்டன்தேநீர் நிறம். எலிக்காய்ச்சல் என்றார்கள். தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து வருவது. மனிதருக்கும் தொற்றும் என்பதால் அவன் சிறுநீரைக் கையுறை போட்டுத்தான் கழுவ வேண்டியிருந்தது, எனக்கும் மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ராஜா பிழைத்தான், சிறுநீரகம்தான் பழையபடி இல்லை.

வருடாவருடம் ஊசி போடுகிறோமே என்று நினைத்திருந்தேன். போட்ட தடுப்பூசியில் எலிக்காய்ச்சல் சேர்ந்திருக்கவில்லை. அட்டையை எடுத்துப் பாருங்கள், தெரியாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். இப்போது நடைக்குப் போகும் முன்பே வீட்டில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிடுகிறேன், கையிலும் ஒரு பாட்டில். தாகம் இல்லாத நாய் குட்டையில் வாய் வைப்பது குறைவு.

மின்கம்பம் பக்கம் தேங்கிய தண்ணீரில் நாயை விடாதீர்கள். கம்பத்தைக் கண்டால் காலைத் தூக்குவது அவர்கள் பிறவிக் குணம், கேட்க மாட்டார்கள், நாம்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அறுந்த கம்பியைக் கண்டால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள், 94987 94987.

பெருமாள்புரம் செல்வி | புதன், மதியம் 1.05

டாக்டர் ஐயா, கும்பிட வேண்டும் போலிருக்கிறது.

நேற்று இரவே டார்ச் அடித்துப் பார்த்தோம். வீட்டுக்காரர் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார், நான் விரலை விரித்தேன். மூன்றாவது, நான்காவது விரலுக்கு நடுவில் நீங்கள் சொன்ன அதே துளை, சுற்றிலும் பட்டாணி அளவுக்கு வீக்கம். இன்று காலை மருத்துவர் லேசாக மயக்கம் கொடுத்து இடுக்கியை உள்ளே விட்டார். முதலில் சீழ் வந்தது. பிறகு கறுப்பாக ஒரு முனை. இழுக்க இழுக்க வந்தது, முறுக்கிய வாலோடு, என் சுண்டுவிரல் நகத்தைவிட நீளம். ஒரு பஞ்சின் மேல் வைத்துக் காட்டினார். இதற்குத்தான் நான் மூன்று நாள் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன்.

கூடவே காது மடிப்பில் இரண்டு உண்ணி, பின்னங்கால் விரலிடுக்கில் ஒன்று. அந்த இடங்களில் எல்லாம் நான் பார்த்ததே இல்லை. முதுகைத் தடவிவிட்டு உண்ணி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டவுன் கணேசன் | புதன், மதியம் 1.30

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தொட்டு வைத்தால் தானே விழும்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் | புதன், மதியம் 1.48

விழும். விழும் முன் தன் வயிற்றில் உள்ளதை நாயின் இரத்தத்தில் கக்கிவிட்டுத்தான் விழும். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், நக்கினால் நுரையீரலுக்குப் போகும். முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். விரலால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதையும் நாயின் மேல் இடாது, சுவர் வெடிப்பில் இடும். நாயை மட்டும் குளிப்பாட்டினால் போதாது, படுக்கும் இடத்து வெடிப்புகளையும் அடைக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் வரலாம், மாடிப்படி ஏறத் தயங்கும். அப்போது வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலையோ இபுபுரூபனையோ கொடுத்துவிடாதீர்கள். முந்தையது ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும், பிந்தையது இரைப்பையையும் சிறுநீரகத்தையும். நாயின் எடைக்கேற்ற உண்ணித் தடுப்பு மருந்து, மாத்திரையாகவோ முதுகில் விடுவதாகவோ கிடைக்கிறது. மழைக்காலத்தில் ஒரு தவணையையும் விடாதீர்கள்.

கரிசல்காட்டான் | புதன், மாலை 5.15

2005இல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. நாட்டு நாய்களிலும் தபால்தலையில் இருப்பதை மட்டும்தான், அண்ணாச்சி, உண்ணி கடிக்காது.

வண்ணார்பேட்டை உஷா | புதன், இரவு 9.00

எல்லோரும் மழையையே பேசுகிறீர்கள். என் பக் நாய் மழை வருவதற்கு முன்னால்தான் மயங்கி விழுந்தது. போன வருடம் இதே மாதம், மாலை நான்கு மணி. மேற்கே கருத்துக்கொண்டு நின்றது, வெயில் இல்லை, காற்றும் இல்லை. வெயில் இல்லையே என்று கூட்டிப்போனேன். மேம்பாலம் வரைகூடப் போகவில்லை. நாக்கு அகலமாகத் தொங்கி, ஓரம் நீலமாக மாறி, குறட்டை மாதிரி ஒரு சத்தம். கடைக்காரர் ஒருவர் இரண்டு தண்ணீர் பாட்டிலை உடம்பில் கவிழ்த்து, பேப்பரால் விசிறிவிட்டார். அதில்தான் பிழைத்தது.

அப்புறம்தான் புரிந்தது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்து இரைத்து வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணிக்கும். காற்றே ஈரமாக இருந்தால் அந்த ஈரம் எங்கே ஆவியாகும்? சப்பை மூக்கு நாய்க்கு மூச்சுப் பாதையும் குறுகல். புழுக்கமாக இருந்தால் இப்போதெல்லாம் நான் செருப்பே மாட்டுவதில்லை.

பொதிகையடி | புதன், இரவு 9.40

விக்கிரமசிங்கபுரம் பக்கம் இருக்கிறேன். எங்களுக்கு மழையும் இல்லை, உண்ணியும் இல்லை பிரச்சினை, சிறுத்தைதான். களக்காடு முண்டந்துறைக் காட்டை ஒட்டிய ஊர்களில் நாய்தான் அதற்குச் சுலபமான இரை. வேம்பையாபுரம் பக்கம் கூண்டு வைத்துப் பிடித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நன்றாக விடிந்த பிறகு நடை, இருட்டும் முன் வீடு, இரவில் நாய் வீட்டுக்குள். திண்ணைக் கதை எல்லாம் எங்கள் ஊரில் செல்லாது, கணேசன் அண்ணாச்சி.

பெருமாள்புரம் செல்வி | வியாழன், காலை 7.30

அப்படியானால் எங்கள் மாலை ஆறரை மணி நடையையும் மாற்ற வேண்டுமா? இங்கே சிறுத்தை இல்லை, ஆனால் இப்போது ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது, கால்வாய்க் கரையில் விளக்கும் கிடையாது.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் | வியாழன், காலை 8.05

மாற்றுங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே திரும்பிவிடலாம். காலையும் ஐந்தரை வேண்டாம், ஆறேகால் ஆகட்டும். கட்டு விரியன் இரவாடி. அதன் கடி பல சமயம் வலிக்காது, வீங்காது. நாய் கத்தாது, உங்களுக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துக் கால் தள்ளாடும், அப்புறம் மூச்சு. கண்ணாடி விரியன் என்றால் கடித்த இடம் உடனே வீங்கும், பெரும்பாலும் மூக்கிலோ முன்னங்காலிலோதான் கடித்திருக்கும். எதுவானாலும் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நாயை நடக்கவிடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நான்குக்கும் சேர்த்தது.

கால்வாயில் நீச்சல் ஆசை இருக்கிறது என்றீர்கள். அணை திறந்திருக்கும் நாளில் மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் மதகுப் பக்கம் உள்ளே இழுக்கும். நீந்தத் தெரிந்த நாயும் மதகில் மாட்டினால் வெளியே வராது. சங்கிலி இல்லாமல் கரையில் விடாதீர்கள்.

முருங்கைவீட்டு ராணி | வியாழன், காலை 10.12

யாரும் கம்பளிப்பூச்சியைச் சொல்லவில்லையே! மழை விட்டதும் முருங்கை மரத்தில் அப்பிக்கொண்டு இருக்கும், கொத்தாகக் கீழே விழும். எங்கள் டாமி மோந்து பார்த்து நக்கிவிட்டான். பத்து நிமிடத்தில் உதடு வடைபோல வீங்கிவிட்டது, எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. வாயைத் துடைத்துவிடப் போன என் கையும் தடித்துவிட்டது. கையுறை போட்டுக்கொண்டு, தொண்டைக்குள் போகாமல் தலையைச் சாய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். தேரையைக் கவ்வினாலும் இதேதானாம். எங்கள் நடைபாதையில் மொத்தம் ஏழு முருங்கை, இப்போது எண்ணி வைத்திருக்கிறேன்.

சிந்துபூந்துறை சங்கர் | வியாழன், இரவு 9.25

தீபாவளிக்கு வருவோம். வெடி நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு சொல்கிறது. சிவகாசி பக்கத்தில் இருக்கிறது, நம் ஊர்ப் பையன்களுக்குக் கடிகாரம் இருக்கிறதா? ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுவார்கள். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை. நமக்கு ஓலைவெடி, அவர்களுக்கு என்னவோ.

நான் செய்வது: அந்த வாரம் முழுக்கக் கழுத்துப்பட்டையில் ஒரு சங்கிலி, மார்பு வாரில் ஒரு சங்கிலி, இரண்டும் கையில். பயந்த நாய் தலையைப் பின்னுக்கு இழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு ஓடும், மார்பு வாரை அவ்வளவு எளிதில் கழற்ற முடியாது. பட்டையில் என் தொலைபேசி எண்ணைத் தைத்திருக்கிறேன்.

வண்ணார்பேட்டை உஷா | வியாழன், இரவு 9.50

தீபாவளிக்கு மறுநாள் நடை இன்னும் மோசம். வெடிக்காத வெடி, கம்பி மத்தாப்புக் கம்பி, தெருவெல்லாம் காகிதம். அதற்கு மேலே கறி எலும்பு. வெந்த கோழி எலும்பு குச்சி குச்சியாக உடைந்து குடலைக் கிழிக்கும். நான் அன்று வாய்மூடி மாட்டித்தான் கூட்டிப்போவேன், கூடை போன்ற வகை, இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்கும். பார்க்கிறவர்கள் கடிக்கிற நாயோ என்று ஒதுங்கிப் போகிறார்கள், அதுவும் ஒரு வசதி.

அம்பை பத்மா | வியாழன், இரவு 10.15

கூந்தன்குளத்தில் பறவைகளுக்காக வெடி போட மாட்டார்கள். அங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று என் நாய் கேட்கிறது.

கரிசல்காட்டான் | வெள்ளி, காலை 6.50

தெரு நாய்களையும் கணக்கில் எடுங்கள். இது அவற்றின் கூடும் பருவம், ஒரு பெண் நாய்க்குப் பின்னால் ஏழெட்டு ஆண்கள் அலையும். கையில் ஒரு கம்பு வைத்திருங்கள், அடிப்பதற்கு அல்ல, தரையில் தட்டுவதற்கு. நம் நாயைக் கையில் தூக்காதீர்கள், அவை நம் மேல் ஏறும். கடி பட்டால், நமக்கானாலும் நாய்க்கானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் போக வேண்டும்.

டவுன் கணேசன் | சனி, மாலை 6.30

சந்தேகம் ஒன்று. உண்ணி எடுக்கிற முனை மெல்லிய இடுக்கி எங்கே கிடைக்கும்? எங்கள் நாய்க்கு இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

பெருமாள்புரம் செல்வி | அடுத்த வெள்ளி, காலை 6.05

தீபாவளி முடிந்தது, எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

அன்று காலை நாலரைக்கே டார்ச்சோடு எழுந்து, வெடி தொடங்கும் முன் தெருவிளக்கு உள்ள சிமென்ட் சாலையிலேயே கூட்டிப்போய் வந்துவிட்டேன். மாலை நாலரைக்கு இன்னொன்று. ஏழு மணிக்கு அவனே கட்டிலுக்கு அடியில் போனான், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, வீட்டுக்காரர் டி.வி.யில் பட்டிமன்றம் போட்டுவிட்டு அவனோடு தரையில் படுத்துக்கொண்டார். மொட்டைமாடி யோசனையைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

பழைய வழியை விட்டுவிட்டோம். காலி மனையும் இல்லை, கால்வாயும் இல்லை. தெருவுக்குள்ளேயே நான்கு சுற்று. மழை வலுத்தால் கார் நிறுத்துமிடத்தின் தகரக் கூரைக்கு அடியில் ஒரு தட்டில் அவன் வழக்கமாக முகரும் இடத்து மண்ணைப் போட்டு வைத்திருக்கிறேன். ஐந்து நாள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேற்று இரவு கொட்டிய மழையில் போய் நின்று, என்னைத் திரும்பி ஒரு முறை பார்த்துவிட்டுக் காலைத் தூக்கினான்.

கணேசன் அண்ணாச்சி, இடுக்கி கால்நடை மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. நான் இரண்டு வாங்கிவிட்டேன், ஒன்றைப் பக்கத்து வீட்டுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன். மழை விட்டிருக்கிறது. சங்கிலிச் சத்தம் கேட்டு அவன் வாசலுக்குப் போய்விட்டான், மற்றது திரும்பி வந்து எழுதுகிறேன்.